தெருவெல்லாம் இசை

உங்கள் வீட்டு அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும் ஆர்மோனியத்தையோ, உறை கழற்றாமல் மூலையில் சாய்ந்திருக்கும் வீணையையோ பார்த்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் அம்மாவோ அத்தையோ அதை வாசித்திருப்பார்கள். "மேடையேறும் அளவுக்கா எனக்குத் தெரியும்?" என்று எண்ணி நிறுத்தியிருப்பார்கள். இவ்வாறு வாய் மூடிய இசைக்கருவிகளுக்காகவே ஒரு நகரம் விழா எடுத்தது என்றால் வியப்பாக இல்லையா?

அந்நகரம் பாரிஸ். 1981ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பண்பாட்டு அமைச்சரான ஜாக் லாங், மொரிஸ் ஃப்ளரே என்பவரை இசை, நடனத் துறையின் இயக்குநராக அமர்த்தினார். மக்களின் கலை ஈடுபாடு பற்றிய ஓர் ஆய்வு அவர்களைச் சிந்திக்க வைத்தது. அந்நாட்டில் ஐம்பது இலட்சம் பேர் ஏதேனும் ஓர் இசைக்கருவியை வாசிப்பவர்கள்; இளையோரில் இருவருக்கு ஒருவர் அத்தகையவர் என்று அது கூறியது. அத்தனை பேரும் எங்கே? வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அல்லவா இருந்தார்கள்!

அவர்களை வெளியே அழைக்க 1982 ஜூன் 21ஆம் நாள் குறிக்கப்பட்டது. பூமியின் வடபாதியில் பகல் மிக நீண்டிருக்கும் காலம் அது. பாரிசில் அன்று இரவு பத்து மணியளவில்தான் கதிரவன் மறைவான். அரை மணி நேரமாவது தெருவில் இறங்கி வாசியுங்கள் என்பதே அழைப்பு. யாரும் வராமற் போவார்களோ என்று அமைச்சருக்கே அச்சம். ஆனால் மக்கள் திரண்டு வந்தனர். அரை மணி நேரம் ஓர் இரவாக நீண்டது.

இவ்விழாவுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. வயது வரம்பு இல்லை. தேர்ந்த கலைஞரும் நேற்றுக் கற்கத் தொடங்கிய சிறுமியும் ஒரே தெருவில் வாசிக்கலாம். சதுக்கங்களிலும் பூங்காக்களிலும் மட்டுமா? தேவாலயங்களிலும், மருத்துவமனைகளிலும், சிறைச்சாலைகளிலும்கூட அன்று இசை ஒலிக்கும். வெளியே வர இயலாதவரைத் தேடி விழாவே உள்ளே செல்கிறது.

இலவசம் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. காசு கொடுத்துக் கேட்பவர் குறை காண உரிமை பெறுகிறார். காசு இல்லாதபோதோ, பிழை நேருமோ என்ற நடுக்கம் வாசிப்பவருக்குக் குறைகிறது. விழாவின் பெயரிலும் இக்கருத்து ஒளிந்துள்ளது. 'ஃபெத் த லா மியூசிக்' என்றால் பிரெஞ்சு மொழியில் 'இசை விழா' என்று பொருள். அதே ஒலியில், எழுத்து மட்டும் மாறினால், 'இசை செய்யுங்கள்' என்றும் பொருள்படும்!

குறையே இல்லை என்று கூறிவிட முடியாது. பெரிய ஒலிபெருக்கிகளின் இரைச்சலில் ஒரு தனிப் புல்லாங்குழல் அமிழ்ந்து போவதும் உண்டு. எனினும் இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இவ்விழா பரவியுள்ளது. பிரெஞ்சுத் தொடர்புடைய நம் புதுவையிலும் இது நடைபெற்றிருக்கிறது.

தோழியரே! பரிசு பெறுவதற்கு மட்டுமே பாட்டு என்று எண்ணினால், பள்ளியை விட்டு நீங்கும் நாளிலேயே நம் குரலும் நின்றுவிடும். இன்று மாலை அந்த ஆர்மோனியத்தின் தூசியைத் தட்டுவோம். "ஒரு பாட்டு வாசியுங்கள், அம்மா!" என்று கேட்போம். நம் வீட்டு வாசலிலும் விழா தொடங்கட்டும்!