கோதுமை எரிபந்தம்: ஒரு புதிய நோயின் கூர்ப்பு

நெல்லைத் தாக்கும் எரிபந்தத்தை நம் உழவர் நன்கறிவர். அந்நோய்க்குக் காரணமான மக்னபோர்தே ஒரைசே என்னும் பங்கசு கோதுமையையும் பற்றியமை 1985 ஆம் ஆண்டிலேதான், பிரேசிலின் பரானா மாநிலத்தில், முதன்முதல் அறியப்பட்டது. நெல்லிலிருந்து நோய் தாவிற்று எனக் கொள்ளுதல் பொருந்தாது. நெல், தினை, குரக்கன் என ஒவ்வொரு விருந்துவழங்கிக்கும் உரிய கால்வழிகள் இவ்வினத்துள் உள. கோதுமைக் கால்வழியோ லோலியம் என்னும் மேய்ச்சற்புல்லைத் தாக்கும் கால்வழிக்கே நெருங்கிய உறவுடையது.

இத்தாவல் எங்ஙனம் நிகழ்ந்தது? பங்கசு தாவரக் கலத்தினுட் செலுத்தும் புரதங்களுட் சில அதனையே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அவற்றை இனங்காணும் பரம்பரையலகு தாவரத்தில் இருப்பின், தொற்றுற்ற கலம் தானே மடிந்து பங்கசைத் தடுக்கும். ஆளிச்செடியின் துருநோயைக் கொண்டு புளோர் என்பார் 1940களில் விளக்கிய தொடர்பு இதுவே. லோலியக் கால்வழியில் பி.டபிள்யூ.ரி.3 என்ற பரம்பரையலகு இருந்தது. கோதுமை வருக்கங்கள் பலவற்றில் அதனை இனங்காணும் ஆர்.டபிள்யூ.ரி.3 இருந்தமையால் அவை தப்பின. ஆயின் பிரேசிலில் அக்காலத்திற் பரவலாகப் பயிரிடப்பட்ட அனவாக் என்னும் வருக்கத்தில் அஃது இல்லை. 2017 இல் வெளியான ஆய்வொன்றின்படி, அத்தகைய வருக்கங்களே பங்கசுக்குப் படிக்கல்லாயின. அவற்றின்மீது பெருகிய பங்கசில் பி.டபிள்யூ.ரி.3 ஐச் சிதைக்கும் விகாரங்கள் தோன்றின. எதிர்ப்புடைய கோதுமையும் அயலில் வளர்ந்தமையால் அவ்விகாரங்களை இயற்கை தேர்ந்தது. பங்கசு ஒன்றை இழந்தே வலிமையுற்றது என்பது ஈண்டுக் கருதற்பாலது.

2016 பெப்ரவரியில் நோய் பங்களாதேசத்திற் காணப்பட்டது. ஏறத்தாழ 15,000 ஹெக்டேயரில் கதிர்கள் வெளிறின; மணிகள் சூம்பின; சில வயல்களில் விளைச்சலே இல்லை. 2018 இல் ஆபிரிக்காவின் சாம்பியாவிலும் அது தோன்றியது. இரு நாட்டுப் பங்கசுகளும் தென்னமெரிக்காவின் ஒரே இலிங்கமில் கால்வழியிலிருந்து தனித்தனியே வந்தவை எனப் பரம்பரையலகுத் தொகுதிகளின் ஒப்பீடு காட்டிற்று.

இக்கால்வழியிலுள்ள ஒரு புரதத்தை ஆர்.எம்.ஜி.8 என்ற கோதுமைப் பரம்பரையலகு இனங்காணும் என்பது நற்செய்தியே. எனினும், ஆய்வுகூடத்தில் இக்கால்வழி ஆபிரிக்கக் குரக்கனைத் தாக்கும் பங்கசோடு இணைந்து வித்திகளைத் தோற்றுவித்துள்ளது. சாம்பியாவிற் குரக்கனும் பயிராகின்றது. வயலிலும் அவ்விணைவு நிகழுமாயின், விகாரத்துக்குக் காத்திராமலே புதிய சேர்க்கைகளையுடைய சந்ததி ஒரு தலைமுறையிற் தோன்றக்கூடும். ஆதலின், ஆர்.எம்.ஜி.8 ஒன்றை மாத்திரம் புகுத்திய கோதுமை அங்கு நெடுங்காலம் தாங்குமென நாம் கருதவில்லை.