கோடை விடுமுறையும் குடியிருப்புக் குழந்தைகளும்

தில்லிப் பள்ளிகள் பெரும்பாலும் மே மாத நடுவில் மூடி, ஜூலைத் தொடக்கத்தில் திறக்கின்றன. ஏறக்குறைய ஏழு வாரம். அலுவலகத்தில் நமக்கு அத்தனை நாள் விடுப்பு யார் தருவார்? இரண்டு வாரம் ஊருக்குச் சென்று வரலாம். அதிலும் போக வர மூன்று நாட்கள் இரயில் வண்டியிலேயே கழிந்துவிடும். எஞ்சிய ஐந்து வாரமும் குழந்தைகள் குடியிருப்பில்தான் இருந்தாக வேண்டும். நாகபுரியிலும் போபாலிலும் வாழும் நேயர்களுக்கும் நிலைமை பெரிதும் இதுவே. தேதிகள் சற்று முன்பின் இருக்கலாம், வெயில் ஒன்றுதான்.

அந்த ஐந்து வாரத்தை எவ்வாறு கழிப்பது என்பதைக் கதிரவனைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஜூன் மாதத்தில் தில்லியின் பகற்பொழுது ஏறத்தாழ 14 மணி நேரம். சென்னையைவிட ஒரு மணி நேரம் மிகுதி. காலை ஐந்தரைக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுகிறது. மாலை ஏழேகாலுக்குப் பிறகே கதிரவன் மறைகிறான். ஆகவே காலையில் ஐந்தரை முதல் எட்டு வரையும், மாலையில் ஆறு முதல் ஏழரை வரையும் குழந்தைகள் வெளியே ஓடியாடலாம். பள்ளி நாட்களில் ஏழு மணிக்கும் எழ மறுக்கும் பிள்ளை, தோழர்கள் கீழே காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இடைப்பட்ட நேரத்தில் வெளியே அனுப்பலாகாது. 'லூ' எனப்படும் அனல் காற்று வீசும் காலம் அது. சமவெளிகளில் வெப்பம் 40 பாகையை எட்டி, வழக்கமான அளவினும் நாலரைப் பாகை கூடினால் வானிலைத் துறையினர் அதை வெப்ப அலை என்று அறிவிக்கின்றனர். வெயிலில் ஆடிய குழந்தை தலைவலி, குமட்டல் என்றால் உடனே நிழலுக்குக் கொணர்ந்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, சிறிது சிறிதாக நீர் புகட்ட வேண்டும். உடல் அனலாய்க் கொதித்து, பேச்சும் தடுமாறினால் துடைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது.

ஆக, முற்பகல் முதல் மாலை வரையுள்ள நீண்ட பொழுதே உண்மையான சிக்கல். தாயும் தந்தையும் அலுவலகம் செல்லும் வீடுகளில் குழந்தை தனியே தொலைக்காட்சிக்கோ கைப்பேசிக்கோ முன் அமர்ந்துவிடுகிறது. நான்கைந்து குடும்பங்கள் கூடி, ஒரு நாள் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்வதே நாம் அறிந்தவரை சிறந்த வழி. ஊரிலிருந்து பாட்டியோ தாத்தாவோ வந்திருக்கும் வீடு இருப்பின் இன்னும் நல்லது. ஓர் எச்சரிக்கை மட்டும்: காற்றுக் குளிர்விப்பான் உள்ள அறையில் அதன் உலோகப் பெட்டியை ஈரக் கையால் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது மின்சாரத்தை நிறுத்துவது பெரியவர் ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

அந்த அறையில் என்ன விளையாடுவது? பல்லாங்குழிப் பலகை இல்லையே என்று வருந்த வேண்டா. தரையில் சுண்ணக்கட்டியால் ஏழேழாக இரண்டு வரிசை, 14 வட்டங்கள் போதும். குழிக்கு ஐந்து வீதம் 70 காய்கள். கடையில் கொட்டை நீக்கிய புளியே கிடைப்பதால் புளியங்கொட்டைக்கு எங்கே போவது என்று ஒரு பாட்டி கவலைப்பட்டார். ராஜ்மாப் பயறு அந்தக் குறையைத் தீர்த்தது. ஆடுபுலி ஆட்டத்துக்கு 23 புள்ளிகள் கொண்ட கோடுகளும், மூன்று புலிகளும், பதினைந்து ஆடுகளும் வேண்டும். வெறிபிடித்தாற்போல் பாய்கிற புலி தோற்கும், பொறுமையாக வேலி கட்டுகிற ஆடுகள் வெல்லும் என்பதைக் குழந்தைகள் இரண்டு நாளில் தாமே கண்டுகொள்கின்றனர். தாயக்கட்டையில் இரண்டு கட்டைகளிலும் ஒன்றுமில்லாத முகம் விழுந்தால் அது பன்னிரண்டு! இந்த விந்தையை எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்குவது சற்றுக் கடினம். ஆயினும் அதைக் கேள்வி கேளாமல் ஏற்பவர்களும் அவர்களே.

அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கும் இவை முற்றிலும் புதியன அல்ல. நமது ஏழு கல் ஆட்டம் அவர்களுக்குப் 'பிட்டு'; அஞ்சாங்கல் 'கிட்டே'; பாண்டி 'ஸ்டாப்பு'; கிட்டிப்புள் 'கில்லி டண்டா'. தாயத்துக்கு உறவான பச்சீசியின் கட்டங்களைப் பதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் இன்றும் காணலாம். அதே பச்சீசியைத்தான் எளிமையாக்கி, 1896-இல் 'லூடோ' என்று இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றனர்.

இங்கே ஒரு செய்தி நம் மனத்தை உறுத்துவது. வெளி மாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தையின் காதில் விழும் தமிழ் எத்தகையது? சாப்பிடு, படி, தூங்கு, தொலைக்காட்சியை நிறுத்து. கட்டளைக்கு ஒரு மொழி, களிப்புக்கு வேறொரு மொழி என்று ஆகிவிட்டால் குழந்தை எதை நாடும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழில் கேட்ட கேள்விக்கு இந்தியில் விடை வருகிறதே என்று குறைப்படும் பெற்றோர் இதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். 'அழுகுணி ஆட்டம்' என்று சண்டையிடவும், 'காய்' விட்டுப் பின் 'பழம்' விடவும் ஒரு குழந்தைக்குத் தமிழில் இன்னொரு குழந்தை வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றால் மட்டும் தந்துவிட முடியாது.

அதற்காகத் தமிழ்க் குழந்தைகளைத் தனியே பிரித்து வைப்பதை நாம் ஏற்கவில்லை. குடியிருப்பு ஒன்றில் கண்ட ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருந்தது: எந்தக் குழந்தை ஓர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறதோ, அந்த ஆட்டம் முடியும்வரை எண்ணிக்கையும் சொற்களும் அதன் மொழியில் இருக்க வேண்டும். வங்காளச் சிறுமி பல்லாங்குழியில் நான்கு காய் சேர்ந்ததும் 'பசு' என்று கூவி அள்ளுகிறாள்; நம் பிள்ளை அவளிடம் வங்க எண்களைக் கற்கிறான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. இந்தியில் நூறு வரை ஒவ்வோர் எண்ணையும் ஏறக்குறையத் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டும். 79-க்கும் 89-க்கும் பிறந்தது முதல் இந்தி பேசும் பிள்ளைகளே தடுமாறுவர். தமிழிலோ எழுபதும் ஒன்பதும் தெரிந்தால் எழுபத்தொன்பது தானே வந்துவிடும். காய் எண்ணும்போது பஞ்சாபிச் சிறுவன் ஒருவன் இதைத் தானாகவே கண்டு வியந்தானாம்.

மாலை ஆட்டத்துக்கு வேறொரு தடை. 'இங்கே விளையாடக் கூடாது' என்ற பலகை இல்லாத புல்வெளி இப்போது அரிதாகிவிட்டது. எஞ்சிய இடத்தில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. முதியோர் அமைதி வேண்டுவது நியாயமே. கண்ணாடி உடைவதும் உண்மையே. ஆனால் பலகை எழுதுபவர்கள் விளையாடத் தக்க இடம் எது என்பதையும் அதே பலகையில் எழுதலாம் அல்லவா? மாலை ஆறு முதல் ஏழரை வரை ஒரு புல்வெளி குழந்தைகளுக்கு, ஒன்று முதியோருக்கு, கடினப் பந்து எங்குமே இல்லை என்று குடியிருப்போர் சங்கம் விதித்தால் இரு தரப்பும் இணங்குகின்றன.

வாரத்துக்கு ஒரு நாள் வெளியே அழைத்துச் செல்லலாம். முற்பகலிலேயே திரும்பிவிட வேண்டும். சாணக்கியபுரியில் 1977 முதல் இருக்கும் இரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களைக் காணலாம். பண்டித நேருவின் விருப்பத்தால் 1956-இல் தோன்றிய தேசிய பால் பவனில் ஓவியம், இசை, கைத்தொழில் யாவும் கற்பிக்கின்றனர்.

குடியிருப்பிலேயே பொது அறை வேண்டுமானால், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் பலவற்றில் 'சமாஜ் சதன்' எனும் சமுதாயக் கூடம் உண்டு. மே, ஜூன் மாதங்கள் திருமண காலமாதலால் மாலை வேளைகளில் அது கிடைப்பது அரிது; வார நாட்களின் நண்பகலில் கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்தை ஏப்ரல் மாதத்திலேயே எழுதிக் கொடுப்பதும், சாவி யாரிடம் இருக்கும், குடிநீர்க் குடத்தை நிரப்புவது யார் என்பவற்றை அதிலேயே குறித்துவிடுவதும் நலம்.