முடிச்சுகளால் ஆன வலை

நுழையும்முன்

மீன்வலையில் தலைமை முடிச்சு என்று ஒன்று இல்லை. ஒரு முடிச்சு அறுந்தாலும் மற்ற முடிச்சுகள் வலையைத் தாங்கும். கணினிகள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் கம்பியில்லா வலையமைப்பும் இத்தகையதே. அது இயங்கத் தேவையானவை எவை, அதன் எல்லை எது என்பதை ஒரு சிறுவர் மடிக்கணினியின் வரலாறு விளக்குகிறது.

மையமில்லா இணைப்பு

அருகருகே நிற்கும் இருவர் கைப்பேசியில் பேசினாலும், அவர்தம் குரல் கோபுரத்திற்குச் சென்றே திரும்புகிறது. கோபுரம் செயலிழந்தால் இருவருக்கும் தொடர்பில்லை. கண்ணி வலையமைப்பில் அத்தகைய மையம் கிடையாது. ஒரு கணினி அனுப்பும் செய்தியை அடுத்த கணினி பெற்று, அதற்கடுத்ததற்கு அனுப்புகிறது. இடையிலுள்ள ஒன்று நின்றுபோனால் செய்தி வேறு வழியைத் தேடிக்கொள்கிறது.

உறங்காத செயலி

'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்னும் திட்டத்தை நிக்கோலஸ் நெக்ரோபான்ட் 2005ஆம் ஆண்டு அறிவித்தார். அதன் முதல் மடிக்கணினியான எக்ஸ்ஓ-1, 2007இல் உற்பத்திக்கு வந்தது. இணைய வசதியற்ற ஊர்களிலும் மாணவர்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பிறருடைய செய்தியைக் கடத்த வேண்டுமெனில் கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும். விழித்திருந்தால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். மின்சாரம் அரிதான ஊர்களில் இது பெருங்குறையாகும். எனவே வடிவமைப்பாளர்கள் பணியை இரண்டாகப் பிரித்தனர். 433 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய, எக்ஸ்86 கட்டமைப்பிலான முதன்மைச் செயலி மாணவரின் பணிகளைக் கவனித்தது. கம்பியில்லாச் சில்லினுள் ஆர்ம் கட்டமைப்பிலான சிறு செயலி ஒன்று தனியே இருந்தது. முதன்மைச் செயலி உறங்கும்போதும் இச்சிறு செயலி சிறிதளவு மின்சாரத்தில் விழித்திருந்து, அடுத்தவர் செய்தியைக் கடத்தியது.

> தெரியுமா?
> முதல் ஆர்ம் செயலி 1985இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவானது. எளிய கட்டளைகள் சிலவற்றைக் கொண்டே இயங்குவது அதன் சிறப்பு. இன்றைய திறன்பேசிகளுள் பெரும்பாலானவை ஆர்ம் கட்டமைப்பையே பயன்படுத்துகின்றன.

கூட்டம் தந்த பாடம்

தொலைவில் சிதறியிருந்த கணினிகளுக்குப் பொருந்திய இம்முறை, நெருக்கமான வகுப்பறையில் தடுமாறியது. ஒரே அலைவரிசையில் ஒரு கணினி கேட்டுக்கொண்டே பேச இயலாது. முதலில் கேட்டுப் பின்னரே பேச வேண்டும். ஆகவே செய்தி ஒவ்வொரு கணினியைக் கடக்கும்போதும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. பல கணினிகள் ஒருசேரப் பேச முயன்றால், சந்தை இரைச்சலில் தனிக்குரல் கேளாததுபோல் செய்திகள் ஒன்றையொன்று மறைக்கின்றன. எனவே அடுத்து வந்த எக்ஸ்ஓ-1.5 மாதிரியில் இம்முறை கைவிடப்பட்டு, கணினிகள் நேரடியாக இணையும் எளிய முறை மேற்கொள்ளப்பட்டது. அதற்குப் பின் வந்த எக்ஸ்ஓ-1.75 மாதிரியில் முதன்மைச் செயலியே ஆர்ம் கட்டமைப்புக்கு மாறியது.

கண்ணி வலையமைப்புக்கான பொதுத்தரம் 2011இல் வெளியானது. மையத்தைச் சார்ந்த வலையமைப்பு வேகம் தரும். மையம் வீழ்ந்தால் அதுவும் வீழும். கண்ணி வலையமைப்பு வேகத்தை இழக்கும். ஆயினும் எளிதில் அறுந்துபோகாது. எவ்விடத்திற்கு எது பொருந்தும் என்று தேர்ந்தறிவதே பொறியாளரின் கடமையாகும்.