வாசல் வாத்தியம் மேடை ஏறியது எப்படி?

ஜப்பானின் ஷாமிசென் மூன்று தந்திகள் கொண்ட வாத்தியம். நீண்ட தண்டு, சதுரமான சிறு பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல். நாடக அரங்குகளில் பாட்டுக்குத் துணையாக வரும் ஷாமிசென்களில் மெல்லிய தண்டு கொண்டவை உண்டு. வடக்கே ஆமோரி மாநிலத்தின் ட்சுகாரு பகுதியில் புழங்குவதோ தடித்த தண்டும் நாய்த்தோலும் கொண்ட முரட்டு வகை. 'பாச்சி' என்ற அகன்ற மீட்டுகோல் தந்தியை மீட்டும் அதே வீச்சில் தோலையும் அறைவதால், சுரமும் தாளமும் ஒருங்கே பிறக்கின்றன. தடித்த தந்தி தண்டின் மரத்தை லேசாக உரசி, நம் தம்புராவில் நூல் வைத்து எடுக்கும் ஜீவாவைப் போல ரீங்கரிக்கிறது. இந்தப் பலத்த நாதம்தான் பிற்காலத்தில் இதைத் தனி வாத்தியமாக உயர்த்தியது என்பது என் கருத்து.

இதை வளர்த்தவர்கள் வீடு வீடாகப் போய் வாசித்துப் பிழைத்த பார்வையற்ற கலைஞர்கள். மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவரை வெளியே வரவழைக்க வேண்டுமானால் ஒலி எடுப்பாகத்தானே இருக்க வேண்டும்? அவர்களில் ஒருவர் தாகாஹாஷி சிகுஸான். 1910-இல் பிறந்து, சிறு வயதிலேயே அம்மையில் பார்வையைப் பெரும்பாலும் இழந்தவர்; பதின்ம வயதில் தொழில் கற்று ஊர் ஊராகத் திரிந்தவர். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இருந்ததைத் தனியாக வாசித்து அவர் இசைத்தட்டு வெளியிட்டது 1963-இல், 53 வயதில். 1973 முதல் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு சிறிய அரங்கில் வாசித்தபோது இளைஞர்கள் திரண்டார்கள். 1977-இல் இயக்குநர் கனேத்தோ ஷிண்டோ அவருடைய வாழ்க்கையைப் படமாக்கினார்.

வேலை தேடி வடக்கிலிருந்து தலைநகருக்கு வந்தவர்களின் ஊர் ஏக்கமே டோக்கியோவில் அவர் வாசிப்புக்குக் கிடைத்த வரவேற்புக்குக் காரணம் என்று சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் ஏக்கத்தைத் தணிக்க ஊர்ப்பாட்டே போதுமே. பாட்டே இல்லாத தந்தி வாசிப்புக்கு நகரத்து இளைஞர்கள் கூடியதை அது விளக்கவில்லை. மேடை ஏறினால் நாட்டார் கலை கெட்டுவிடும் என்பது இன்னொரு வாதம். ட்சுகாரு வாசிப்பு எழுதி வைத்த சுரக்குறிப்பைப் பார்த்து ஒப்பிப்பதல்ல, அந்தந்த நேரத்துக் கற்பனையில் விரிவது. அதனால் மேடை அதைச் சுருக்கவில்லை. விரிவாக வாசிக்க அவகாசமும், அமர்ந்து கேட்கும் செவிகளும் தந்தது. ஐம்பதைத் தாண்டியவருக்குக் கிடைத்த வெற்றியைக் காலங்கடந்த அதிர்ஷ்டம் என்பது தவறு. அத்தனை ஆண்டு வாசலில் நின்று பழகிய கைக்குத்தான் அந்தக் கற்பனை வசப்பட்டது. பழைய வாத்தியம் ஒன்றுக்கு உயிரூட்ட நினைப்பவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போகும் முன், அதை வாசித்துப் பிழைத்த மூத்த கலைஞரைத் தேடிப் போகட்டும்.