உடுப்பின் கதை – 14: பதக்கத்துக்கு முன்னால் வாருங்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகிற சாலையில் இருக்கிறது ஏலப்பாறை. வாகமணுக்கு வழி பிரிவது இங்கேதான். சுற்றிலும் தேயிலை. லயங்களில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள். பாட்டன் பாட்டி காலத்தில் கொழுந்து கிள்ள வந்தவர்களின் வாரிசுகள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேடும் பள்ளமும் காலோடு பழகியவை. ஆனால் ஷூ, டிராக் பேன்ட் விற்கிற கடைகளின் ஃபிளெக்ஸில் நிற்பது யார்? கிரிக்கெட் வீரர். இல்லையென்றால் சினிமா நடிகர். அதுவும் இல்லையென்றால் ஜிம்மில் வயிற்றை இறுக்கிய, பெயர் தெரியாத ஒரு மாடல்.

ஓட்டக்காரர்களுக்குப் பஞ்சமான மண்ணா இது? தொடுபுழாவின் ஷைனி வில்சன் 1984 முதல் 1996 வரை நான்கு ஒலிம்பிக் கண்டவர்; 1992 பார்சிலோனாவில் இந்தியக் கொடியை ஏந்தி அணியின் முன்னே நடந்தவர். பீனாமோளும் தம்பி பினுவும் இதே மாவட்டத்துப் பிள்ளைகள். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் அக்காவுக்குத் தங்கம், தம்பிக்கு வெள்ளி. ப்ரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோவில் பத்தாயிரம் மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். பாலக்காட்டுப் பக்கம் போனால் முண்டூரின் பி.யு. சித்ரா, கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் மகள், 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம். மெலிந்த, கறுத்த, வெயிலில் காய்ந்த உடம்புகள். ஃபிளெக்ஸில் நாம் பார்க்கிற உடம்புக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நிஜ உடம்பும் விளம்பரத்தில் நிற்கும் என்பது விளம்பர உலகத்துக்குத் தெரியாத சங்கதி அல்ல. 1988இல் நைக்கி தன் 'ஜஸ்ட் டூ இட்' வாசகத்தை முதன்முதலில் ஒளிபரப்பியபோது அதற்கு முகமாக வைத்தது வால்ட் ஸ்டாக் என்ற 80 வயது முதியவரை. சட்டையில்லாமல் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் ஓடிக்கொண்டே, தினமும் காலையில் 17 மைல் ஓடுவதாகச் சொல்வார். குளிரில் பல் தந்தியடிக்காதா என்று கேட்பவர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு: பல்செட்டை லாக்கரில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருகிறாராம்! 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது அதிகாரபூர்வ ஆதரவாளர் அடிடாஸ். எனவே நைக்கி உலகெங்கும் 'லண்டன்' என்ற பெயருள்ள வேறு ஊர்களைத் தேடிப் போனது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து லண்டனில், பருத்த உடம்புள்ள 12 வயதுப் பையன் ஒருவன் ஆளரவமற்ற சாலையில் மூச்சுவாங்க ஓடி வருகிறான். ஒரு நிமிடப் படத்தில் வேறு காட்சி எதுவுமே இல்லை.

ஏன் இவர்கள் நெஞ்சில் நிற்கிறார்கள்? நடிக்க முடியாத ஒன்று ஓட்டத்தில் இருக்கிறது. ஓடிப் பழகாதவர் கேமராவுக்காக ஓடினால் தோள் காதருகே ஏறிவிடும், கை விரல்கள் இறுகிக்கொள்ளும், கண் கேமராவைத் தேடும். பழகியவருக்கு விரல்கள் தளர்ந்திருக்கும், பார்வை சில கஜம் முன்னால் தரையில் இருக்கும். மாடலின் நெற்றியில் வியர்வைக்காகக் கிளிசரினும் தண்ணீரும் கலந்து தெளிப்பார்கள். அது முத்து முத்தாக அழகாக நிற்கும். உண்மையான வியர்வை அப்படி நிற்காது. கழுத்துப்பட்டையை நனைத்து, முதுகில் பரவி, காய்ந்தபின் உப்புக் கோடாகத் தங்கும். துணி எப்படி உழைக்கிறது என்று காட்ட வேண்டிய விளம்பரத்தில் அந்த உப்புக் கோட்டைவிடப் பெரிய சாட்சி எது?

மாடல் இல்லாத விளம்பரம் இந்தியாவிலும் வந்திருக்கிறது. 2014இல் நைக்கிக்காக ஜேடபிள்யூடி நிறுவனம் செய்த கிரிக்கெட் படத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்து இளம் ஆட்டக்காரர்களின் நிழற்படங்களைத் திரட்டிக் கோத்தார்கள். ஒரு பையன் பந்தோடு ஓடத் தொடங்குவான், அடுத்த படத்தில் வேறொருவன் எம்புவான், மூன்றாமவன் கையிலிருந்து பந்து கிளம்பும். முகம் மாறிக்கொண்டே இருக்க, ஆட்டம் மட்டும் அறுபடாது. 2016இல் வந்த நைக்கியின் 'டா டா டிங்' படத்தில் நம் சென்னை ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பா, ஹாக்கியின் ராணி ராம்பால், கிரிக்கெட்டின் ஹர்மன்பிரீத் கவுர், அலைச்சறுக்கு வீராங்கனை இஷிதா மாளவியா எல்லோரும் இருந்தார்கள். கூடவே தீபிகா படுகோனும் இருந்தார். அவர் பேட்மின்டன் ஆடி வளர்ந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நட்சத்திரம் இல்லாமல் இந்தப் பெண்களை மட்டும் காட்டும் துணிச்சல் வந்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

அசாமின் ஹிமா தாஸ் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அப்பா வாங்கித் தந்த சாதாரண ஸ்பைக்ஸில் 'அடிடாஸ்' என்று தன் கையாலேயே எழுதி ஓடியதாக அவரே பிற்பாடு சொன்னார். 2018 ஜூலையில் தாம்பரே நகரில் உலக ஜூனியர் 400 மீட்டர் தங்கம். செப்டம்பரில் அடிடாஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. அவர் பெயர் பொறித்த ஷூ வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஷூ அதிகம் தேவைப்பட்டது கையால் எழுதிய நாளிலா, தங்கம் வாங்கிய பிறகா?

மாடலுக்குப் பதில் சாதாரண ஆட்களை வைப்பதில் ஒரு மோசடிக்கும் இடமுண்டு. சாதாரண ஆளென்றால் மலிவாக முடியும், ஒரு டி-ஷர்ட் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டால் அது சுரண்டல். மாடலுக்கு என்ன கூலியோ அதில் ஒரு ரூபாய்கூட ஓட்டக்காரிக்குக் குறையக் கூடாது.

திருப்பூரில் விளையாட்டு உடை தைத்து விற்கும் முதலாளிகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் சட்டையைப் போடப்போவது நம் பிள்ளைகள். அடுத்த கேட்டலாக்குக்கு ஸ்டுடியோ பிடிக்காதீர்கள். கம்பம், குமுளி வழியாக மலையேறி வாருங்கள். பள்ளி மைதானத்தில் உடற்கல்வி ஆசிரியரைப் பாருங்கள், ஓடுகிற ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுங்கள், அவள் பெற்றோரிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பணத்தைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடுங்கள். பெற்றோர் சம்மதித்தால் படத்துக்குக் கீழே அவள் பெயரையும் அச்சிடுங்கள். அவள் மாவட்டப் போட்டியில் தோற்றாலும் அடுத்த ஆண்டுக்கான ஷூவை அனுப்புங்கள்.

(தொடரும்)