கருவாட்டு வாடிக்கு ஓர் ஐந்தொகை

2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. கிழக்குக் கரையின் சிறு படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களை நம்பியவை. ஒரு நாள் தொழிலுக்கு 25 லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 2,175 ரூபாயோடு முடிந்த எண்ணெய்ச் செலவு விடிந்தபோது 8,500 ரூபாய். பலர் படகைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றியது சரிதானா, கடலுக்குப் போயிருந்தால் கட்டுப்படியாகியிருக்குமா என்பதற்கான விடை அவரவர் கணக்கிலேயே இருந்தது. சராசரி மீன்பாடு எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன விலை, ஐஸுக்கும் ஆட்களுக்கும் எவ்வளவு போகிறது என்று எழுதி வைத்திருந்தவருக்கு அது பத்து நிமிட வேலை. எழுதாதவருக்கு ஊகம் மட்டுமே மிஞ்சியது.

திருகோணமலை மாவட்டத்தில் இந்த எழுத்துவேலையை மிகப் பெரிய அளவில் செய்பவர்களும் இருக்கிறார்கள். சீனக்குடாப் பக்கம் டோக்கியோ சீமெந்துக் கம்பனியின் ஆலை இருக்கிறது. 1982இல் ஏ. வை. எஸ். ஞானம் யப்பானியப் பங்காளிகளோடு சேர்ந்து தொடங்கிய கம்பனி அது. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருப்பதால், மார்ச் 31இல் முடியும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் அது வெளியிடும் ஆண்டறிக்கையை யாரும் எடுத்துப் பார்க்கலாம். அங்கிருந்து தெற்கே மூதூரையும் சேருநுவரையையும் தாண்டி வெருகல் பிரதேசத்துக்கு வந்தால், களப்பு கடலோடு சேரும் இடத்தில் இலங்கைத்துறை முகத்துவாரம். இங்கே ஒருவர் பத்துப் பந்தலில் மீன் காயவைத்து விற்கும் கருவாட்டு வாடிக்கும், ஆண்டுக்கு இலட்சக்கணக்கான தொன் அரைக்கும் சீமெந்து ஆலைக்கும் நிதி அறிக்கையின் எலும்புக்கூடு ஒன்றே. ஆண்டில் சம்பாதித்ததைச் சொல்லும் வருமானக் கூற்று, ஆண்டு முடிவில் உள்ளதையும் கொடுக்க வேண்டியதையும் சொல்லும் நிதிநிலைமைக் கூற்று, காசு எங்கிருந்து வந்து எங்கே போனது என்பதைச் சொல்லும் காசுப்பாய்ச்சல் கூற்று. நிதிநிலைமைக் கூற்றைப் பழையவர்கள் ஐந்தொகை என்பார்கள். கடைத்தெருவில் அந்தப் பெயர்தான் இன்னும் நிற்கிறது.

இந்தக் கூற்றுகளைச் செய்யப் பழகுகிறவருக்குக் கூட்டல் கழித்தல் ஒரு பொருட்டே இல்லை. சிரமம் தருவது காலம். எந்த வருமானம் எந்த ஆண்டுக்குரியது, எந்தச் செலவு எந்த ஆண்டின் தலையில் விழ வேண்டும் என்று பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம் என்பது என் எண்ணம். கிழக்குக் கரைக்காரர்களுக்கு இது எளிதில் புரிய வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கடல் தொழிலுக்கு இணங்கியிருக்கும். கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் பல நாட்கள் படகு இறங்காது. ஆகவே ஆவணி மாதக் கைக்காசைப் பார்த்து ஆண்டு எப்படி என்று சொன்னாலும் பிழை, மார்கழியில் வெறும் பெட்டியைப் பார்த்துச் சொன்னாலும் பிழை. இலங்கையின் வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதால் நல்ல பருவமும் மாரிக்காலமும் முழுதாக ஒரே கணக்குக்குள் வந்துவிடுகின்றன. சிறு தொழிலுக்கும் அந்த எல்லையையே வைத்துக்கொள்வது நல்லது.

அடிப்படை முறை துறைமுகங்களில் வளர்ந்தது. இன்றைய டுப்ரோவ்னிக் ஆன ரகூசாத் துறைமுகத்து வணிகர் பெனடெற்றோ கொத்ருலி 1458இல் எழுதிய வணிக நூலில் இரட்டைப் பதிவு பற்றிப் பேசினார். அதே மனிதர் கப்பலோட்டும் கலை பற்றியும் தனியாக ஒரு நூல் எழுதினார். அவருடைய வணிக நூல் அச்சேற 1573 வரை ஆயிற்று. அதற்குள் 1494இல் வெனிஸில் லூக்கா பாச்சியோலி என்ற துறவி தம் கணித நூலில் இந்த முறையை விரிவாக அச்சிட்டுவிட்டதால் பெயர் அவருக்குப் போயிற்று. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பதே முறையின் உயிர். உப்பு வாங்கினால் உப்பு வருகிறது, காசு போகிறது. கடனுக்கு வாங்கினால் உப்பு வருகிறது, கொடுக்க வேண்டியது கூடுகிறது. இரண்டையும் எழுதினால், சொத்து எல்லாம் சேர்ந்த தொகை எப்போதும் பிறருக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பும் உரிமையாளரின் மூலதனமும் சேர்ந்த தொகைக்குச் சமமாக நிற்கும்.

எழுதும் வரிசை பழையதுதான். முதலில் சிட்டையும் பற்றுச்சீட்டும். அவற்றிலிருந்து காசேடு. காசில்லாமல் நடந்தவற்றுக்கு நாளேடு. பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு செலவுக்கும் தனிப் பக்கம் வைத்த பேரேடு. பேரேட்டின் மீதிகளை இரு நிரலில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது பரீட்சை மீதி. இரு நிரலும் சமப்பட்டதும் புதிதாகப் படிக்கிறவர் பெருமூச்சு விடுவார், பொறுக்க வேண்டும். ஒரு சிட்டை அடியோடு தொலைந்திருந்தாலும், போக்குவரத்துச் செலவைக் கூலிக் கணக்கில் போட்டிருந்தாலும் பரீட்சை மீதி சமப்படும். சமப்படாவிட்டால் பிழை நிச்சயம் என்று மட்டும் அது சொல்லும். அதனால்தான் வங்கிக் கூற்றோடு காசேட்டை ஒப்பிடுவதும், கடன்கொடுத்தவரின் கொப்பியோடு நம் கொப்பியை வைத்துப் பார்ப்பதும் தேவைப்படுகின்றன.

இனி ஒரு வாடியை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஏப்ரல் 1 அன்று வாடிக்காரர் தம் கையிலிருந்து 5 இலட்சம் ரூபாய் போடுகிறார், கூட்டுறவுச் சங்கத்தில் 3 இலட்சம் கடன் எடுக்கிறார். பந்தல், உப்புத் தொட்டி, தராசு, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 4 இலட்சம். மீதி 4 இலட்சம் காசாக நிற்கிறது. ஆண்டு முழுவதும் மீனும் உப்பும் 15 இலட்சத்துக்கு வாங்குகிறார். அதில் படகுக்காரர் ஒருவருக்குக் கடைசியாக வாங்கிய மீனுக்கு 60,000 ரூபாய் இன்னும் கொடுக்கவில்லை. கருவாடு 20 இலட்சத்துக்கு விற்கிறது; அதில் 2 இலட்சம் கொழும்புப் புறக்கோட்டை முதலாளி ஒருவரிடம் நிலுவை.

காசேட்டை மட்டும் பார்த்தால் கொள்வனவுக்குப் போனது 14 இலட்சத்து 40 ஆயிரம், விற்பனையில் வந்தது 18 இலட்சம் என்றுதான் தெரியும். வருமானக் கூற்று அப்படிப் பார்க்காது. விற்ற நாளிலேயே விற்பனை விற்பனைதான். புறக்கோட்டைக்காரர் சித்திரையில் அனுப்பினாலும் அது சென்ற ஆண்டின் உழைப்பு. ஆகவே விற்பனை 20 இலட்சம். கொள்வனவு 15 இலட்சம் முழுவதையும் அதற்கு எதிராக வைக்கவும் முடியாது, ஏனெனில் மார்ச் 31 அன்று வாடியில் விற்காத கருவாடு இருக்கிறது.

இங்கே சற்று நிற்க வேண்டும். சிறு தொழில்களில் இலாபம் பிழைத்துப்போகும் இடம் பெரும்பாலும் இந்த இருப்புக் கணக்குத்தான். மார்ச் 31 மாலை தராசைத் தூக்கிவைத்து, மீனின் இனம் பிரித்து, நிறுத்து எழுத வேண்டும். பச்சை மீன் காய்ந்து கருவாடாகும்போது எடை பெருமளவு இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது மீனுக்கு மீன் வேறுபடும். எனவே ஒரு கிலோ கருவாட்டின் கிரயம் என்பது ஒரு கிலோ மீனின் விலை ஆகாது. அதற்குப் போன மீன், உப்பு, அதைக் கொண்டு வந்த கூலி எல்லாம் சேர்ந்ததே கிரயம். அப்படிக் கணக்கிட்ட பிறகும் ஒரு சோதனை பாக்கி. மாரி மழையில் ஈரம் பிடித்தது, வண்டு விழுந்தது என்றால் அந்தக் கருவாட்டைக் கிரயத்தில் காட்டக்கூடாது. கிரயம் ஒரு பக்கம், இப்போது விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை மறுபக்கம். எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். எல்கேஏஎஸ் 2 என்னும் இலங்கைக் கணக்கீட்டு நியமம் பெரிய கம்பனிகளுக்கு விதிப்பதும் இதையே. இருப்பைக் கூட்டி எழுதினால் அந்த ஆண்டின் இலாபம் கூடித் தெரியும், அடுத்த ஆண்டு அதே அளவு அடி வாங்கும். நம் வாடியில் இருப்பு 150,000 ரூபாய். ஆகவே விற்றதன் கிரயம் 13 இலட்சத்து 50 ஆயிரம், மொத்த இலாபம் 6 இலட்சத்து 50 ஆயிரம்.

அடுத்தது செலவுகள். கூலி 240,000, அதில் மார்ச் மாதத்துக்கான 20,000 இன்னும் கொடுபடவில்லை என்றாலும் வேலை நடந்துவிட்டதால் அது இந்த ஆண்டின் செலவு. இதை அட்டுறு செலவு என்று பாடசாலையில் படித்திருப்பார்கள். லொறிக் கூலி 90,000. கடன் வட்டி 36,000. மின்சாரம், பொதி செய்தல் 24,000. இவற்றோடு காசேட்டில் எங்குமே தென்படாத ஒரு செலவு, பெறுமானத் தேய்வு. பந்தலும் தொட்டியும் ஐந்தாண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 80,000. உப்புக்காற்றில் இரும்பும் மரமும் அரிபடுவதைத் தினமும் காண்கிற கரையில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் எழுதத்தான் மறந்துவிடுகிறார்கள். மொத்தச் செலவு 470,000. தேறிய இலாபம் 180,000 ரூபாய்.

வாடிக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தால் இருப்பதோ 70,000 மட்டும். தொடங்கும்போது பொருள் வாங்கியது போக 4 இலட்சம் இருந்ததே! இலாபம் வந்த ஆண்டில் காசு எப்படிக் கரைந்தது? இதற்குத்தான் காசுப்பாய்ச்சல் கூற்று. வியாபாரத்தால் வந்த காசையும் வியாபாரத்துக்குப் போன காசையும் மட்டும் எடுத்தால் வந்தது 18 இலட்சம், போனது 18 இலட்சத்து 10 ஆயிரம். இலாபம் 180,000 காட்டும் தொழில் காசில் 10,000 குறைவாக ஓடியிருக்கிறது. இலாபத்தின் ஒரு பகுதி புறக்கோட்டையில் நிலுவையாக இருக்கிறது, இன்னொரு பகுதி சாக்கில் கருவாடாக இருக்கிறது. இதற்கு மேல் கடனில் 60,000 திருப்பிக் கட்டியாயிற்று. வீட்டுக்கு எடுத்தது 260,000.

கடைசி எண்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. தொழில் உழைத்தது 180,000, வீடு எடுத்தது 260,000. அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் எடுத்ததில் யாரும் குற்றம் காண முடியாது. ஆனால் வீட்டுக் காசும் வாடிக் காசும் ஒரே பெட்டியில் கிடந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. தொழிலைத் தனி ஆளாகப் பாவித்து, உரிமையாளர் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் எடுப்பனவு என்று எழுதினால்தான் அது தெரியவரும். கணக்கு எழுதப் பழகுகிற ஒருவர் முதல் வாரத்தில் ஒரே ஒரு காரியம் செய்ய முடியும் என்றால், பெட்டியை இரண்டாக்குவதைத்தான் நான் சொல்வேன்.

இப்போது மார்ச் 31 அன்றைய ஐந்தொகையை எழுதலாம். பந்தலும் தொட்டியும் தேய்வு போக 320,000, இருப்பு 150,000, புறக்கோட்டை நிலுவை 200,000, காசு 70,000. மொத்தச் சொத்து 740,000. மறுபக்கம் சங்கக் கடனின் மீதி 240,000, படகுக்காரருக்கு 60,000, கூலி நிலுவை 20,000. மூலதனம் 5 இலட்சத்தோடு இலாபம் 180,000 சேர்ந்து, எடுப்பனவு 260,000 கழிந்து, 420,000. இரு பக்கமும் 740,000. வாடிக்காரரின் சொந்த முதலில் 80,000 ரூபாய் ஓராண்டில் குறைந்திருக்கிறது.

ஐந்தொகை ஒரு குறிப்பிட்ட நாளுக்கு மட்டுமே உண்மை. இந்தக் கரையில் அதற்கு மிகக் கடுமையான சான்று உண்டு. 2004 டிசம்பர் 25 மாலை ஒரு படகுக்காரரின் ஐந்தொகையில் படகு, இயந்திரம், வலை எல்லாம் சொத்துப் பக்கத்தில் நின்றிருக்கும். மறுநாள் காலை ஆழிப்பேரலை அவற்றைக் கொண்டுபோனபின் அந்தப் பக்கம் வெறுமையாயிற்று. படகுக்காக வாங்கிய கடன் மறுபக்கத்தில் அப்படியே நின்றது. இடைவெளி முழுவதும் மூலதனத்தின் மேல் விழுந்தது. உயிர்களை இழந்த நாளில் கணக்கைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நிவாரணமும் கடனும் காப்புறுதியும் பேசும் நாள் வரும்போது, என்ன இருந்தது என்று எழுதிய தாள் ஒன்று வீட்டுக்கு வெளியே, சங்கத்திலோ வங்கியிலோ பத்திரமாக இருப்பது பெரிய பலம். பிரதி எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

பெரிய கம்பனிகளுக்கு இதெல்லாம் சட்டக் கடமை. 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் சட்டமும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. 1959இல் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகம் நியமங்களை வகுக்கிறது. 2012 சனவரி 1 முதல் அவை சர்வதேச நியமங்களோடு ஒத்துப்போகின்றன. வாடிக்காரருக்கு அவ்வளவு பாரம் இல்லை. எண்பது பக்கக் கொப்பி இரண்டும், சிட்டை போட ஒரு கோப்பும், நாளுக்குக் கால் மணி நேரமும் போதும். உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் வசதி. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. அதன் மாணவர்கள் மார்ச் முடிவில் கரையோரக் கிராமங்களுக்கு வந்து இருப்பு நிறுக்கவும் ஐந்தொகை எழுதவும் உதவினால், பாடப்புத்தகத்தில் அகப்படாத எத்தனையோ அவர்களுக்கும் கிடைக்கும்.

நம் வாடிக்காரரின் மூன்று தாள்களும் இப்போது மேசையில் இருக்கின்றன. புறக்கோட்டைக்கு அனுப்பும் சரக்குக்குப் பாதிக் காசு முன்னரே கேட்பதா, மாரிக்கு முன் இருப்பைத் தள்ளிவிடுவதா, வீட்டுக்கு மாதம் 15,000க்கு மேல் எடுப்பதில்லை என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுப்பதா என்று அவர் யோசிக்கலாம். அந்த 15,000 ஊகத்தில் வந்த எண் இல்லை. 180,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது. சங்கத்துக்குக் கட்ட வேண்டிய கடன் தவணை அதிலும் சேரவில்லை என்பதால், உண்மையில் அதைவிடவும் குறைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.