உங்களுக்குத் தெரியுமா? அசைந்தது ஒரே ஒரு காட்சி!

கொள்ளைநோயில் உலகம் அழிந்தபின், 2043-இலிருந்து காலத்தில் பின்னோக்கிப் போய் அந்த நோயைத் தடுக்கப் போராடுபவனின் கதை ‘12 மங்கீஸ்’. 2015 முதல் 2018 வரை 4 சீசன்கள் ஓடிய அமெரிக்கத் தொடர். புரூஸ் வில்லிஸ் நடித்த 1995-ஆம் ஆண்டுப் படம்தான் இதற்கு மூலம். அந்தப் படத்துக்கும் ஒரு தாய் உண்டு: கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ (1962), 28 நிமிட பிரெஞ்சுப் படம். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் நாசமாகி, மிஞ்சியவர்கள் நிலத்தடியில் முடங்கிக் கிடக்கிறார்கள். படம் நெடுக அசையாத கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான். ஒரே ஓர் இடத்தில், தூங்கிக்கொண்டிருந்த பெண் கண் திறந்து இமைக்கிறாள். அந்தச் சில விநாடிகள் மட்டும் படம் அசைகிறது! எந்தக் காலயந்திரக் காட்சியும் இதற்கு ஈடாகாது. தொடரைத் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.